சான்றுப்பொருள் பதினேழு

அதைச் சுவரில் மாட்டியது நான்தான்.
கெண்ட் நகர நீதிமன்றம், இரண்டாம் மாடி,
மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்.
ஈரக் குடைகளின் வாடை.
கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து
பழுப்புத்தாளைப் பிரித்து
இரண்டு ஆணிகளில் தொங்கவிட்டேன்.
ஒரு பெரிய நீலம்.
மேலோரத்தில் துரு நிறத்தில் ஒரு கீறல்.
அவ்வளவுதான் படம்.

எது மேல், எது கீழ் என்று
சீட்டில் எழுதியிருக்கவில்லை.
நானும் யாரையும் கேட்கவில்லை.
இருபத்திரண்டு வருட வேலையில்
கத்தி, கள்ளச்சாவி, ரத்தம் காய்ந்த ஒற்றைச் செருப்பு
எல்லாம் அடுக்கியிருக்கிறேன்.
எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் ஹிஸ்லேன் மெஸ்தாக்.
வயது அறுபத்தொன்று. தொழில்: ஓவியர்.
கோப்பில் அவர் வாழ்க்கை நாலு பக்கம்.
முப்பது வயதில் ஒரு பரிசு,
ப்ரஸ்ஸல்ஸில் ஒரு கண்காட்சி,
பத்திரிகையில் ஒரு பத்தி,
அப்புறம் நெடுங்காலம் ஒன்றுமில்லை.
பல் மருத்துவர் ஒருவர்
நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு வாங்கிய மூன்று படங்கள்.
வாடகை பாக்கி.
கணப்பு இல்லாத பட்டறையில், கையுறையோடு வேலை.

அப்புறம் காவெல் செத்தார்.

லோடவைக் காவெல்,
செத்த மறுவருடமே விலை ஏறியவர்.
தன் பெயரைப் படத்தின் முதுகில் மட்டுமே எழுதியவர்.
அவருடைய தொலைந்த நீலங்கள்
ஒவ்வொன்றாய்க் கிடைக்கத் தொடங்கின:
ஓஸ்டெண்டில் ஒரு விதவையின் கார் கொட்டகையில்,
மூடிப்போன ஒரு கன்னிமாடத்தில்.
மொத்தம் ஏழு. ஏழாவதற்கு நாலு லட்சம் யூரோ.
விற்றவன் ஊரிலேயே இல்லை.
அவன் கணக்கிலிருந்து மெஸ்தாக்குக்குப் பணம் போயிருந்தது.
மரச்சட்டம் அடித்த கூலி, என்றார்.
படத்தை?
வாழ்நாளில் பார்த்ததில்லை.

மறுக்க யாராலும் முடியவில்லை.
வேதியியல் நிபுணர் ஒரு மணி நேரம் பேசினார்:
சாயம் அந்தக் காலத்துச் சாயம்,
துணி அந்தக் காலத்துத் துணி.
காவெலின் மகள் அழுதாள்,
அப்பாவின் நீலம் இது,
இதன் முன்னால்தான் நான் நடக்கப் பழகினேன் என்று.
அருங்காட்சியகத்துக்காரர் "மூச்சு" என்ற சொல்லை
ஐந்து முறை பயன்படுத்தினார்.
எல்லாரும் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

நான் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பல்வலிக்காரர் போல் தாடையைப் பிடித்திருந்தார்.
சுவரைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார்.
மடியில் மற்றொரு கை
இல்லாத ஒரு ஸ்டியரிங்கை
மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தது.

மூன்றரை மணி.
விடுதலை ஏறக்குறைய உறுதி.
அவருடைய வக்கீல் காகிதங்களைத் தட்டி அடுக்குகையில்
எழுந்து நின்றார்.
"மன்னிக்க வேண்டும்,
அது தலைகீழாக இருக்கிறது."

சுருக்கெழுத்துக்காரியின் விரல்கள் நின்றன.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.
மெஸ்தாக் உட்காரவில்லை.
கீறல் கீழே இருந்தால் அது கரை, என்றார்.
மேலே இருந்தால் வெறும் காயம்.

நானே போய்த் திருப்பி மாட்டினேன்.
எனக்கு ஓவியம் தெரியாது.
ஆனால் அந்த அறையில்
தண்ணீர் தன் மட்டத்துக்கு வந்ததை
முழங்காலில் உணர்ந்தேன்.
காவெலின் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டரை வருடம் தண்டனை.
நுணலும் தன் வாயால் கெடும் என்று
வாசல் காவலர் சிரித்தார்.
எனக்கு அப்படிப் படவில்லை.
முதுகில் இருந்த கையெழுத்தைத்
தன்னுடையது இல்லை என்று மூன்று நாள் சாதித்தவரால்
கரை ஆகாயத்தில் தொங்குவதை
ஒரு பிற்பகல்கூடத் தாங்க முடியவில்லை.

படம் என்னிடமே திரும்பி வந்தது.
விதிப்படி காவெலின் பெயர் மேல்
சிவப்பு மையில் 'போலி' என்று குத்தினேன்.
அதன் பக்கத்தில், விதியில் இல்லாத ஒன்று,
பென்சிலால் ஓர் அம்புக்குறி.
மேல்நோக்கி.

இப்போது கிடங்கில்
ஒரு திருட்டு சைக்கிளுக்கும் உடைந்த கல்லாப்பெட்டிக்கும் நடுவே
நிற்கிறது,
நேராக.